அம்மா போன் பண்ணிட்டாங்க, யாரும் பண்ணாதீங்க

பாபு,

அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டே "யாரோ ஒரு கிராக்கு" என்று சொல்லிச் சிரித்தாயே, அந்தக் கிராக்கு நான்தான். அது உனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, பாதிச் சப்பாத்தியைத் தட்டில் விட்டு, காலையில் பஸ் பிடிக்க வேண்டும் என்று எழுந்து போனாய். மறுநாள் உன் பெட்டியை நான் ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமும் பிடித்து ஆட்டோவில் ஏற்றியபோதும் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. துமகூரைத் தாண்டி, மரமே இல்லாத பொட்டல்காட்டில் கண்ணுக்கு எட்டிய வரை சோலார் தகடு பரப்பி வைத்திருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததாக மெசேஜ் அனுப்பினாய். வெயில் அதிகமா என்று கேட்டேன். "வெயிலுக்காகத்தானேம்மா இங்க வந்திருக்கோம்" என்று பதில் போட்டாய். நல்ல பதில். ஆனால் அந்தப் பாதிச் சப்பாத்தி இன்னும் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

இதை உன் போனுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். வேண்டாம் என்று முடிவு செய்து, எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். நீ செய்த அதே வேலையை உன்னைப் போல நன்றாகப் படித்த, நல்ல மனசுள்ள பிள்ளைகள் ஊருக்கு ஊர் ஏசி அறையில் உட்கார்ந்து செய்துகொண்டிருப்பார்கள். அவர்களுடைய அம்மாக்கள் எல்லோரும் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் நின்று "அது நான்தான்டா" என்று சொல்லப்போவதில்லை. அவர்களும் படிக்கட்டும். கோபமாக எழுதுகிறேன் என்று நினைத்தால், ஆமாம், கோபம்தான். ஆனால் எழுத உட்கார்ந்ததிலிருந்து கோபத்தைவிட அதிகமாக உன் சின்ன வயசுதான் ஞாபகத்துக்கு வருகிறது. அதையும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நம் வீட்டுக்குப் போன் வந்தபோது நீ இரண்டாம் வகுப்பு. ஈஜிபுராவில் நம் தெரு வீடுகளிலேயே அதுதான் முதல் போன். அப்பா கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். வேறு டிரைவர் லீவு போட்டால் அவரைக் கூப்பிட வேண்டும் என்று கம்பெனியே சொல்லி வாங்க வைத்தது. சிவப்பு நிறப் போன். அதற்கு நான் கார்மெண்ட்ஸில் மிஞ்சிய துணியில் ஒரு உறை தைத்துப் போட்டிருந்தேன். அந்தப் போனில் அப்பாவைக் கூப்பிட்டதைவிட, கரண்ட் போனபோது நான் கூப்பிட்டதுதான் அதிகம். அந்த வருஷங்களில் கரண்ட் போகாத சாயங்காலம் உண்டா? அணையில் தண்ணீர் இல்லை என்பார்கள், நிலக்கரி வரவில்லை என்பார்கள், இரண்டும் இருந்தால் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போயிருக்கும். கரண்ட் போனவுடன் தெருவில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து "ஓ" என்று கத்துவீர்கள். அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். இரண்டு நிமிஷத்தில் தெருவே நம் வாசலில் நிற்கும்.

"கரண்ட் அக்கா, போன் பண்ணீங்களா?" என்று பக்கத்து வீட்டு ஷகீலாதான் முதலில் கேட்பாள். அந்தப் பெயரை எனக்கு வைத்ததும் அவள்தான். நான் போனை வாசல்படி வரை இழுத்துக்கொண்டு வந்து உட்காருவேன். கம்ப்ளெய்ன்ட் ஆபீஸில் ஒரு ஆள் எடுப்பார். அவர் சொல்வதை நான் தெருவுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். "லைன்மேன் பொம்மனஹள்ளி பக்கம் போயிருக்காராம்." கூட்டம் முணுமுணுக்கும். "வந்துட்டே இருக்காராம்." கூட்டம் சிரிக்கும். "போன வாரமும் வந்துட்டேதான் இருந்தாரு, இன்னும் வந்து சேரலையான்னு கேளுக்கா" என்று யாராவது கத்துவார்கள். நான் அதையும் கேட்பேன். தயங்குகிற வழக்கம் எனக்கு எப்போதும் இல்லை. உங்கப்பா தூரத்தில் நின்று, "கரண்ட் மந்திரிக்கு எலெக்ஷன்ல நிக்கற ஐடியா இருக்கா?" என்று கிண்டல் பண்ணுவார்.

ஆரம்பத்தில் நம் வீட்டுப் போனிலிருந்து எல்லோருமே பேசினார்கள். ஷகீலா திக்கித் திணறிப் பேசுவாள், எதிர்வீட்டுக்காரர் பேசுவார், மாடியில் குடியிருந்த தெலுங்குக்காரம்மா பேசுவார். பெட்டிக்கடைப் போனிலிருந்து வேறு நாலு பேர். ஒருநாள் அந்தக் கம்ப்ளெய்ன்ட் ஆபீஸ்காரர் என்னிடம் நொந்துபோய்ச் சொன்னார். "கேளுங்க அக்கா, உங்க ஒரு தெருவுல இருந்தே இவ்ளோ பேரு போன் பண்ணா எனக்கு லைன் ஜாம் ஆகுது. ஒரு ட்ரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு கம்ப்ளெய்ன்ட் போதும். உங்க கன்னடா நல்லா இருக்கு, விஷயத்தை நேரா சொல்றீங்க. இனிமே நீங்க ஒருத்தரே பண்ணுங்க. நீங்க பண்ணா முழு தெருன்னு நான் எழுதிக்கறேன்." எனக்குப் பெருமை தாங்கவில்லை. கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்து, பஸ் போர்டு படிக்கக் கன்னடம் கற்றுக்கொண்டவள் நான். என் கன்னடம் நன்றாக இருக்கிறது என்று கவர்மெண்ட் ஆபீஸிலிருந்து ஒரு மனுஷர் சொல்லிவிட்டார். அன்றைக்கே தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். எல்லோரும் சரி என்றார்கள். அப்படித்தான் நம் தெருவில் அது ஒரு வழக்கமாயிற்று. தண்ணீர் லாரி வந்தால் முதல் வீட்டுக்காரர் மணி அடிப்பது மாதிரி, கரண்ட் போனால் நான் போன் பண்ணுவது.

அதில் உனக்கு ஒரு வேலை இருந்தது. நான் பேசி முடித்ததும் நீ தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடுவாய். கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இருட்டில் யார் மேலும் மோதாமல், "அம்மா போன் பண்ணிட்டாங்க, யாரும் பண்ணாதீங்க! அம்மா போன் பண்ணிட்டாங்க, யாரும் பண்ணாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடுவாய். கன்னடக்காரர் வீட்டு வாசலில் அதையே கன்னடத்தில் கத்துவாய். ஷகீலா மாமியார் வாசலில் உருதுவில் கத்துவாய். அந்த அம்மாள் உனக்கென்று ஒரு பிஸ்கட் எடுத்து வைத்திருப்பார். கரண்ட் திரும்ப வந்தால் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து இன்னொரு சத்தம் போடுவீர்கள். அதில் உன் குரலை என்னால் தனியாகப் பிரித்துக் கேட்க முடியும். ஏதோ நீயே வேலை செய்து கரண்டை இழுத்துக்கொண்டு வந்தது மாதிரி அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில் இருக்கும்.

உன் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் ஞாபகம் இருக்கிறதா? விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போயிற்று. ஷகீலா தன் வீட்டு எமர்ஜென்சி விளக்கைக் கொண்டுவந்து உன் முன்னால் வைத்துவிட்டு, தன் வீட்டில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டாள். நான் போனில் அந்த மனுஷரிடம் கத்தினேன். "பையனுக்கு நாளைக்கு கணக்கு பரீட்சை சார், லைன்மேன் வர்றாரா, இல்ல நானே கம்பத்துல ஏறட்டுமா?" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "ஏறாதீங்க அக்கா, அப்புறம் அதுக்கு ஒரு கம்ப்ளெய்ன்ட் எழுதணும்" என்றார். லைன்மேன் உடனே வந்தார். அதைவிடப் பெரிய விஷயம் மறுநாள் நடந்தது. மத்தியானம் நம் வீட்டுப் போன் அடித்தது. எடுத்தால் அவர். "பையன் எப்படி எழுதினான் அக்கா?" என்று கேட்டார். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை, பெயரும் கேட்டதில்லை. நான் அவரை சார் என்பேன், அவர் என்னை ஈஜிபுரா அக்கா என்பார். அவ்வளவுதான் எங்கள் பழக்கம். ஆனால் என் குரலைக் கேட்டால் அதற்குப் பின்னால் ஒரு முழுத் தெரு நிற்கிறது என்று அவருக்குத் தெரியும்.

பல வருஷம் கழித்து ஒருநாள் அவரே சொன்னார். "நாளையில இருந்து நான் இல்ல அக்கா, ரிட்டையர். இனிமே எல்லா கம்ப்ளெய்ன்ட்டும் ஒரே நம்பருக்குப் போகும். கம்ப்யூட்டர் எடுத்துக்கும், யாரையும் கேக்க வேண்டாம்." நல்லது சார், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்தேன். அப்போது நீ காலேஜில் இருந்தாய். சிவப்புப் போன் போய் என் கையில் செல்போன் வந்துவிட்டது. தெருவில் எல்லோர் கையிலும்தான் வந்துவிட்டது. ஆனால் வழக்கம் மாறவில்லை. கரண்ட் போனால் இன்னமும் என் வாசலில்தான் வந்து நின்றார்கள். நான்தான் பண்ணினேன். கன்னடத்துக்கு ஒன்றை அழுத்து, இங்கிலீஷுக்கு இரண்டை அழுத்து என்று சொல்கிற அந்தக் குரலிடமும் நான் அதே தோரணையில்தான் பேசினேன். நான் ஒருத்தி பேசினால் ஒரு தெரு பேசுகிறது என்பதைக் கம்ப்யூட்டரிடம் யாரும் சொல்லவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது அந்தச் சப்பாத்திக்கு வருகிறேன். உன் கம்பெனி கொடுத்த வேலையை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். "இதுவரைக்கும் கரண்ட் காவேரித் தண்ணி பைப் மாதிரிம்மா. ஒரு பக்கத்துல இருந்து வரும், நாம பிடிச்சுப்போம். இனிமே வெயில்ல இருந்து, காத்துல இருந்து, ஒவ்வொரு மொட்டை மாடியில இருந்தும் வரும். போகவும் வரவும் செய்யும். வெயில் போனா சட்டுன்னு குறையும். பழைய கம்பி, பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் இதைத் தாங்காது. எல்லாத்தையும் மாத்தணும், பேட்டரி வைக்கணும், மீட்டர் மாத்தணும்." எனக்குப் பிடித்திருந்தது. இந்த ஊரில் டீசல் புகையைக் குடித்தும் நிலக்கரிக் கதையைக் கேட்டும் கிழவியாகப் போகிறவள் நான், வெயிலில் விளக்கு எரியட்டுமே. ஒன்று மட்டும் கேட்டேன். "மொட்டை மாடி யாரோடதுடா? நம்மளதா, ஹவுஸ் ஓனரோடதா?" நீ சிரித்து மழுப்பினாய். எல்லா ஏரியாவையும் ஒரே நேரத்தில் மாற்றப் பணம் இல்லை, அதனால் எது முதலில், எது கடைசியில் என்று வரிசை போட்டாய் என்றாய். எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். எங்கே மாடியில் சோலார் வைக்க நிறைய மனு வந்திருக்கிறது, எங்கிருந்து நிறையப் பேர் கரண்ட் இல்லையென்று புகார் செய்திருக்கிறார்கள், இந்த இரண்டுக்கும்தான் அதிக மார்க் என்றாய்.

அப்புறம்தான் அந்தச் சிரிப்பு. "ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர்ல ஒரு காமெடிம்மா. போன் நம்பர் எல்லாம் மறைச்சுதான் எங்களுக்குக் குடுப்பாங்க, ஆனா ஒரே ஆளான்னு தெரியும். அங்க மொத்தக் கம்ப்ளெய்ன்ட்டும் ஒரே ஆளு! வருஷக்கணக்கா! யாரோ ஒரு கிராக்கு. வேலை வெட்டி இல்ல போல. அந்த ஆளைக் கணக்குல இருந்தே தூக்கிட்டோம், அந்த ஏரியாவே க்ளீன் ஆயிடுச்சு. கம்ப்ளெய்ன்ட்டே இல்லாத ஏரியா!" நானும் சிரித்தேன். தவாவில் சப்பாத்தியைத் திருப்பிக்கொண்டே, "எந்த ஏரியாடா?" என்று சும்மாதான் கேட்டேன். "பேரெல்லாம் இருக்காதும்மா, நம்பர்தான். மேப்ல பாத்தா இங்க எங்கயோ பக்கத்துலதான்…" என்று போனைத் தட்டினாய். பெரிதாக்கிப் பார்த்தாய். அதற்குப் பிறகு நீ சிரிக்கவில்லை. தவாவில் சப்பாத்தி கருகியது. "அது நான்தான்டா" என்றேன். "யாரும் பண்ணாதீங்கன்னு கத்திக்கிட்டே ஓடினது நீதான்டா" என்றேன்.

நீ சொன்ன பதிலில் தப்பில்லை. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன், ஒருதலையாகப் பேசினேன் என்று இருக்கக் கூடாது. "ஒரே ஆளு திரும்பத் திரும்பப் பண்ணதை எண்ணினா, நேரம் போகாத ஒரு பணக்காரன் உக்காந்து தன் ஏரியாவை முதல்ல கொண்டு வந்துடுவான்மா. அதுக்காகத்தான் அந்த ரூல். நாங்க கெட்ட எண்ணத்துல போடல." சரிதான். அந்த விதி இல்லாவிட்டால் அப்படியும் நடக்கும். அப்புறம் மெதுவாகச் சொன்னாய். "நம்ம தெருங்கிறதுக்காக இப்ப நான் மாத்தினா அது தப்பும்மா." அதுவும் சரிதான். என் மகன் அப்படிச் சொன்னதில் எனக்குச் சந்தோஷம்கூட. உனக்கு நான் வளர்த்த வளர்ப்பு அது. ஆனால் நீ அந்த இடத்திலேயே நின்றுவிட்டாய், பாபு. நம் தெருவுக்குச் சலுகை வேண்டாம் என்று நானும்தான் சொல்கிறேன். நம் தெரு மாதிரி எத்தனை தெரு இருக்கும் என்று நீ யோசித்தாயா? ஆனேக்கல்லில் கார்மெண்ட்ஸ் பெண்கள் குடியிருக்கிற லைன் வீடுகளில் யார் போன் பண்ணுவார்கள்? வீட்டுச் சொந்தக்காரர் ஒருத்தர் பண்ணுவார், இல்லையென்றால் யாரும் பண்ண மாட்டார்கள். மாடியில் சோலார் வைக்க வாடகைக்காரன் மனு போடுவானா? நீ வைத்திருக்கிற இரண்டு அளவுகோலும் சொந்த வீடும் சொந்தக் குரலும் இருக்கிறவனுக்குத் தைத்த சட்டை. மற்றவனுக்கு அது பொருந்தவில்லை என்றால் அவனிடம் குறை என்று எழுதிவிடுகிறீர்கள்.

நான் முப்பது வருஷமாக ஹோசூர் ரோடு கார்மெண்ட்ஸில் ஃபைனல் செக்கிங்கில் நிற்கிறேன். அங்கே கரண்ட் போனால் ஒரு மூச்சு விடுவதற்குள் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்துவிடும். தையல் மெஷின் நிற்கக் கூடாது. இப்போது கூரை முழுக்க சோலார் தகடு. வாசலில் அதைப் பற்றிப் பெரிய போர்டு. பகல் முழுவதும் வெயில் கரண்டில் சட்டை தைக்கிறோம். ஷகீலா ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிற கண்ணாடிக் கட்டடத்திலும் அப்படியே. அவள் கண்ணாடியைத் துடைக்கிறாள், கண்ணாடிக்கு உள்ளே வெயில் கரண்டில் ஏசி ஓடுகிறது. நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் தொங்கி வீட்டுக்கு வந்து சேரும்போது வெயில் போயிருக்கும். சாயங்காலம்தான் கஷ்டமான நேரம், வெயில் இல்லை, எல்லோரும் வீட்டுக்கு வந்து ஒரே சமயத்தில் ஸ்விட்ச் போடுகிறார்கள், அந்த நேரத்தைச் சமாளிப்பதுதான் பெரிய வேலை என்று நீயேதான் சொன்னாய். அந்தச் சாயங்காலம் யாருடையது? நம் தெரு முருகேசன் கடன் வாங்கி கரண்ட் ஆட்டோ வாங்கியிருக்கிறான். சாயங்காலம் ஜன்னல் வழியாக ஒயர் விட்டு சார்ஜ் போட்டால் அவன் வீட்டு விளக்கு மங்கி, பக்கத்து வீட்டு மிக்ஸி நின்று, கடைசியில் தெருமுனையில் பட்டென்று சத்தம் வரும். புகை இல்லாத வண்டி வாங்கு, நாட்டுக்கு நல்லது என்று அவனுக்குச் சொன்னார்கள். வாங்கிவிட்டான். இப்போது அந்தப் பழைய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிற தெருவைக் கடைசியில் வைத்திருக்கிறாய், அங்கே புகாரே இல்லை என்று.

நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். வரிசை இன்னும் முடிவாகவில்லை, அடுத்த மாதம் எல்லோரும் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்றாய். அந்தக் கூட்டத்தில் நீ எழுந்து நின்று, அம்மா என்று சொல்லாமல், ஈஜிபுரா என்று சொல்லாமல், ஒரு கேள்வி கேள். புகார் வராத இடங்களில் ஏன் புகார் வரவில்லை என்று யாராவது நேரில் போய்ப் பார்த்தோமா என்று கேள். ஒரே ஆள் வருஷக்கணக்காகக் கூப்பிட்டால், அந்த ஆளைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு தடவையாவது திருப்பிக் கூப்பிட்டுப் பார்த்தோமா என்று கேள். ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் எத்தனை போன் வந்தது என்பதை விட்டுவிட்டு, எத்தனை வீடு தொங்குகிறது, எத்தனை மணி நேரம் இருட்டில் இருந்தது என்று எண்ண முடியாதா என்று கேள். முடியும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் புது மீட்டர் அதையெல்லாம் தானே சொல்லும் என்று போன தீபாவளிக்கு நீதான் அளந்தாய். அந்த மீட்டர்கூட முதலில் யார் வீட்டுக்குப் போகும் என்று கேட்டேன், அப்போதும் மழுப்பினாய். மழுப்பாதே. உனக்கு அது நன்றாக வருவதில்லை, அப்பாவை மாதிரி காது சிவந்துவிடுகிறது.

உன்மேல் மட்டும் பாரத்தைப் போட்டுவிட்டு நான் உட்காரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தெருவில் வீடு வீடாகப் போனேன். இனிமேல் கரண்ட் போனால் நான் பண்ண மாட்டேன், அவரவர் போனில் அவரவர் பண்ணுங்கள் என்றேன். எல்லோரும் பயந்துவிட்டார்கள். எனக்கு ஏதோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்து எதிர்வீட்டம்மா உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "என்னாச்சு கரண்ட் அக்கா, மந்திரி பதவி ராஜினாமாவா?" என்று முருகேசன் கேட்டான். ஷகீலாவுக்குத்தான் கோபம். "இத்தன வருஷம் நீங்க பண்ணீங்க, நாங்க நிம்மதியா இருந்தோம். எனக்கு ஒண்ண அழுத்து ரெண்ட அழுத்துல்லாம் வராதுக்கா. கன்னடத்துல பேசச் சொன்னா நாக்கு சுத்திக்கும்" என்றாள். நான் அவளுக்குச் சொன்னேன். "ரெண்டே வார்த்தைதான்டி. கரண்ட் இல்ல. தமிழ்ல சொன்னாலும் அதான், கன்னடத்துல சொன்னாலும் அதான்." விஷயத்தை முழுவதும் சொன்னேன். நம் தெருவில் யாரும் இல்லை என்று கணக்கில் இருக்கிறது, ஒரே ஒரு கிராக்குதான் இருந்தது, அதையும் தூக்கிவிட்டார்கள் என்றேன். தூக்கியது யார் என்று சொல்லவில்லை. ஷகீலா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாபுவா?" என்று கேட்டாள். நான் அடுத்த வீட்டுக்குக் கிளம்ப எழுந்தேன். அவள் "பாவம், நல்ல பையன்" என்றாள். உன்னைப் பற்றி எனக்கு இருக்கிற எண்ணமும் அதுதான், இரண்டு வார்த்தையும் சேர்த்து.

நேற்று சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து, தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. பழக்க தோஷம், கை தானாகப் போனைத் தேடியது. எடுத்தேன். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தேன். "ஓ" என்று கத்த இப்போது அவ்வளவு பிள்ளைகள் தெருவில் இல்லை. யாரும் என் வாசலுக்கு வரவும் இல்லை. நிஜமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் எனக்கு என்னவோ போல இருந்தது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் நம் வாசலில் எவ்வளவு கூட்டம், எவ்வளவு கிண்டல், நீ எந்த இருட்டிலிருந்து ஓடி வருவாய் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். ஒரு வீட்டிலும் சத்தம் இல்லை. மறந்துவிட்டார்கள், அல்லது பயந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அப்புறம் ஷகீலா வீட்டு ஜன்னலில் போன் வெளிச்சம் தெரிந்தது. "ஹலோ… ஹலோ… கரண்ட் இல்ல" என்றாள். யாரோ எதையோ கேட்டிருப்பார்கள். "ஈஜிபுரா. ஆமா. நான் ஷகீலா. என் பேருதான் எழுதிக்கோங்க" என்றாள். நாக்கு சுற்றினாலும் சொல்லிவிட்டாள். எதிர்வீட்டில் ஒரு குரல். மாடியில் புதிதாக வந்திருக்கிற பீகார்ப் பையன்கள் இந்தியில் ஏதோ சொன்னார்கள், நடுவில் "கரண்ட்" மட்டும் எனக்குப் புரிந்தது. முருகேசன் தெரு நடுவில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி தன் ஆட்டோ சார்ஜ் ஏறாத கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஜன்னலாக வெளிச்சம் வந்தது. அப்பா வெளியே வந்து பார்த்துவிட்டு, கிண்டல் எதுவும் பண்ணாமல் தன் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடப் புகார் சொல்லக் கூப்பிட்டதில்லை.

எல்லோரும் பண்ணிவிட்டார்கள், சரி, என் பங்குக்கு நானும் பண்ணலாம் என்று கடைசியாக அந்த எண்ணை அழுத்தினேன். ஒன்றை அழுத்தினேன். மணி அடிக்கவில்லை. எல்லா இணைப்பிலும் ஆட்கள் இருக்கிறார்கள், நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள், காத்திருங்கள் என்று அந்தப் பெண் குரல் கன்னடத்தில் சொன்னது. திரும்பத் திரும்பச் சொன்னது. நான் வைக்கவில்லை. இருட்டில் போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன், பாபு. எனக்கு முன்னால் என் தெரு வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

அம்மா